வயர் எட்டிய வரப்பு

கோவிந்தம்மாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதை ஒரு குறையாக யாராவது சொன்னால் அவள் சிரிப்பாள். உர மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை குறைகிறது என்று சொல்லி, கடைக்காரனை நடுத்தெருவில் திணற வைத்தவள் அவள். வேர்க்கடலை வாங்க வந்த வியாபாரியின் தராசுத் தட்டைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் அப்பியிருந்த புளியை நகத்தால் சுரண்டி அவன் உள்ளங்கையிலேயே வைத்தவள். புருஷன் ராஜாமணி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒற்றைப் பொம்பளையாக இருந்து ஒரு ஏக்கர் சொச்சம் நிலத்தைக் காப்பாற்றியது இந்தச் சந்தேகம்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நிலம் மண்ணூருக்கு மேற்கே, புன்செய்ப் பூமி. பட்டா இன்னும் செத்துப்போன மாமனார் பேரில்தான் இருந்தது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டது வெறும் வாய்ப்பேச்சில். கிணறு இருக்கிற மேற்குப் பாகம் ராஜாமணிக்கு, கிழக்குப் பாகம் நாகப்பனுக்கு, கிணற்றுத் தண்ணீர் பொதுவில். நடுவில் தெற்கு வடக்காக ஒரு வரப்பு. பத்திரம், பட்டா, சாட்சி எல்லாமே அந்த வரப்புதான். அது இருக்கிற வரைக்கும்தான் கோவிந்தம்மாவுக்கு நிலம்.

அதனால் கொழுந்தன் நாகப்பன் ஏர் ஓட்டுகிற அன்றைக்கு அவள் வரப்பிலேயே நிற்பாள். அவன் மேல் அவளுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அது பழகிய சந்தேகம். வீட்டு நாய் குரைப்பது மாதிரி, காதில் விழும், எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றாது. புதுசாக வருகிறவன் மேல் வருகிற சந்தேகம்தான் அவளைத் தூங்கவிடாது.

அப்படிப் புதுசாக வந்தவன் இளம்பரிதி. எண்பத்தொன்பதாம் வருஷம் டிசம்பர் மாதம், கடலை பிடுங்கி முடித்த சமயம், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தோள் வரைக்கும் முடி. மெட்ராஸில் ஏதோ காலேஜாம். கூட இரண்டு பையன்கள், ஒரு பெண்.

"அக்கா, ஒரே ஒரு நாள், உங்க நெலத்துல உக்காந்து பாட்டுப் பாடிக்கிறோம். சுத்தமா கூட்டிக் குடுத்துட்டுப் போயிடுவோம்."

"ஏன், உங்க ஊர்ல பாட எடமில்லயா?"

"காலேஜ்ல சத்தம் போடாதன்றாங்க. பீச்சுல போலீஸ் தொரத்துது. இங்க யாருக்கும் தொல்லை இல்லயே."

"இதுக்குப் பின்னாடி யாரு கீறாங்க?" என்று கேட்டாள் கோவிந்தம்மா. எவன் வந்து எதைக் கேட்டாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அது.

"யாரும் இல்லக்கா. நாங்கதான்."

யாரும் இல்லை என்று சொன்னதுதான் அவளுக்கு இடித்தது. பின்னாடி யாருமே இல்லாமல் ஒருத்தன் வெயிலில் இத்தனை தூரம் வருவானா? ஆனாலும் சும்மா கிடக்கிற நிலம், ஒரு நாள்தானே என்று தலையாட்டினாள். அன்றைக்கு முழுக்க அங்கேயே நின்று பார்ப்பது என்றும் முடிவு செய்துகொண்டாள்.

வந்தவர்கள் மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள். மைக் செட்டுக்கு நம்ம ஊர் தசரதனைப் பிடித்திருந்தார்கள். தசரதன் கல்யாணம், காதுகுத்து, மாதாகோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இரண்டு ஊதுகுழல் ஸ்பீக்கரைக் கட்டுகிறவன். கிணற்று மோட்டார் கொட்டாயில் கரண்ட் எடுத்து, ஆம்ப்ளிபயரை அங்கேயே வைத்து, மைக் வயரை மட்டும் சிமெண்டு வாய்க்காலை ஒட்டியே கிழக்கே இழுத்துக்கொண்டு போனான். நாகப்பன் நிலத்து நடுவில் நல்ல சமமான இடம் இருந்தது, அங்கேதான் பாட வேண்டும் என்று பையன்கள் ஆசைப்பட்டார்கள். வயர் வரப்பு வரைக்கும் வந்து விறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு ஜாண்கூட எட்டவில்லை.

"வேற வயரு சேத்துக் கட்டேன்யா" என்றான் ஒரு பையன்.

"ஒட்டுப் போட்டா கொரல் கரகரங்கும். இந்த வயர்ல நான் கத்தியே வெச்சதில்ல" என்றான் தசரதன். சொந்த மகளைப் பற்றிக்கூட அவன் அவ்வளவு பெருமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

கடைசியில் மைக்கை வரப்பின் மேலேயே நட்டார்கள். பாடுகிறவன் ஒவ்வொருத்தனும் வரப்பில் ஏறி நின்று பாடினான். வேடிக்கை பார்க்க வந்த நாகப்பன்தான் எல்லாரும் சிரிக்கிற மாதிரி சொன்னான்: "பாத்தியா அண்ணி, ஒரு காலு உன் நெலத்துல, ஒரு காலு என் நெலத்துல. ரெண்டு பேரும் சேந்துதான் இவனுங்களுக்குச் சோறு போடணும்."

பாட்டு ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. இங்கிலீஷ். முடிக்காரன் இளம்பரிதி அடிவயிற்றிலிருந்து கத்தினான். வரப்பு ஓரத்து ஒற்றைப் பனையிலிருந்து காக்கைகள் அத்தனையும் கிளம்பிப் போயின. என்ன குறையோ இந்தப் பிள்ளைக்கு, இப்படிக் கத்தினால்தான் தீரும் போலிருக்கிறது என்று நினைத்தாள். கேட்கக் கேட்கத் தானும் எதையோ கத்திவிட்டது மாதிரி நெஞ்சு லேசானதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூட வந்த பெண் அமலா அவளிடம் கூழ் வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவிக் கொடுத்தாள். அன்றைக்குப் பாடினவர்களே கேட்டார்கள், கேட்டவர்களே எழுந்து போய்ப் பாடினார்கள். சாயங்காலம் சொன்ன மாதிரியே கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனார்கள். இது எதில் போய் முடியுமோ என்று அவள் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் நானூறு பேர் வந்தார்கள். லாரியில் ஜெனரேட்டர் வந்தது. பீரோ உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகளை அடுக்கினார்கள், அதுதான் ஸ்பீக்கராம். அவற்றில் அடிக்கிற அடியில் கிணற்றுத் தண்ணீர் நடுங்குவதைத் தசரதனே கொண்டுபோய் அவளுக்குக் காட்டினான். அவனுடைய ஊதுகுழல்களுக்கு அங்கே வேலை இல்லை. சைக்கிள் விடுகிற இடத்தில் அறிவிப்புச் சொல்ல ஒன்றை மட்டும் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் ஒரு கயிறு வந்திருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களில் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பாடவில்லை. நானூறு பேர் மிதித்ததில் வரப்பு நாலைந்து இடத்தில் சரிந்துபோனது. மறுநாள் காலையில் பார்த்தால் முடிக்காரன் மண்வெட்டியோடு நிற்கிறான். கை கொப்பளிக்க வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். கோணல் மாணலாக இருந்தது, அவள் பிறகு திருத்திக்கொண்டாள். ஆனால் அடுத்தவன் வரப்பை ஒருத்தன் எதற்காகக் கட்ட வேண்டும்? அன்றைக்குத் தொடங்கி அவன் மேல் அவள் ஒரு கண் வைத்தாள்.

அப்புறம் தொண்ணூற்றொன்று மே மாதம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்த பிறகு, அவளுக்கு மட்டும் இருந்த வியாதி ஊருக்கே தொற்றிக்கொண்டது. பை வைத்திருந்தவன், கண்ணாடி போட்டவன், தெற்கத்திப் பேச்சுப் பேசினவன், பேசாமல் இருந்தவன் எல்லாரையும் நிறுத்தி விசாரித்தார்கள். பூக்கட்டுகிற பெண்களைக்கூட விடவில்லை. தசரதன் தன் வயர் சுருளைப் பரண் மேல் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடி, மூன்று மாதம் ஒரு காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. மெயின் ரோட்டு முக்கில் ஒரு போலீஸ் கொட்டாய் போட்டார்கள். அதில் உட்கார்ந்த ஏட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, புது ஆள் யாராவது நடமாடினால் உடனே வந்து சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் உங்களையும் சேர்த்து உள்ளே வைப்பேன் என்றார். இத்தனை வருஷம் தன்னைக் கேலி பண்ணினவர்கள் எல்லாரும் இப்போது தன்னைப் போலவே பார்ப்பதைக் கண்டு கோவிந்தம்மாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

அப்படிப்பட்ட வருஷத்திலும் அவர்கள் வந்தார்கள். இந்தத் தடவை பின்னாடி ஆள் இருந்தது, அதுவும் தெரிந்தே இருந்தது. ஒரு குளிர்பானக் கம்பெனி. டை கட்டின ஒருத்தர் காரில் வந்து, கலெக்டர் ஆபீஸ் அனுமதி, போலீஸ் அனுமதி எல்லாம் வாங்கியாகிவிட்டது, பகல் பன்னிரண்டிலிருந்து ஆறு மணி வரைக்கும்தான், ஆனால் ஐயாயிரம் பேர் வருவார்கள் என்றார். தகரத்தால் வேலி, டிக்கெட்டு, மேடை. ஐயாயிரம் பேர் தடுக்கி விழாமல் நிற்க வேண்டுமாம், அதனால் புல்டோசர் விட்டு நிலம் முழுவதையும் சமப்படுத்த வேண்டுமாம். நாகப்பன் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அதுக்கு இன்னா சார், தாராளமா" என்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சொல்லிவிட்டான்.

"வரப்பு?" என்றாள் கோவிந்தம்மா.

"வரப்பு எங்க அண்ணி ஓடிப் போவுது? முடிஞ்சதும் கட்டிக்கலாம்."

இளம்பரிதி காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இந்த வருஷம் அவன் பாடப் போவதில்லை, கம்பெனி அவனை இடத்துக்கு மேற்பார்வை ஆளாக வைத்திருந்தது. மூன்றாம் நாள் அவன் தனியாக வந்தான். கையில் அளவு நாடா, ஒரு நோட்டு, கடப்பாரை, இரண்டு அடி நீளத்துக்கு வெட்டின ஒன்பது இரும்புக் கம்பி. வரப்பு நெடுக நடந்து, பனையிலிருந்து காலடி எண்ணி, நின்று, நோட்டில் எழுதினான். வரப்பு வளைகிற இடத்திலெல்லாம் கடப்பாரையால் ஆழமாகக் குத்தி, கம்பியை உள்ளே அடித்து இறக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடினான்.

கோவிந்தம்மா பனையடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அவனே அவளிடம் வந்தான்.

"அக்கா, இது உங்க வரப்புக்கு அடையாளம். புல்டோசர் அரை மொழத்துக்கு மேல வெட்டாது. கம்பி அதுக்குக் கீழ கீது. எல்லாம் முடிஞ்சதும் நானே வந்து இதை வெச்சுக் கயிறு புடிச்சுக் குடுக்குறேன். இருந்த எடத்துலயே வரப்பக் கட்டிக்கலாம். அளவும் எழுதிக்கினு இருக்கேன்."

"யாரு இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா."

மறுபடியும் அதே பதில். யாரும் சொல்லவில்லை, யாரும் இல்லை. "சரி தம்பி" என்று சொல்லிவிட்டாளே தவிர, மனசுக்குள் தராசுத் தட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புளி எங்கே ஒட்டியிருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

அதை நாகப்பன் காட்டிக் கொடுத்தான். அன்றைக்கு மத்தியானமே அவள் வீட்டு வாசலுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணி, அந்த முடிக்காரன் பண்றது ஒண்ணும் செரியில்ல. பாட்டுப் பாட வந்தவன் எதுக்கு நெலத்த அளக்குறான்? ஒரகடம் பக்கம் கம்பெனிக்காரனுங்க எடம் பாத்துக்கினு கீறானுங்க, ஊர்ல பேசிக்கிறது உன் காதுல வுழலயா? கம்பி நட்டுட்டா சர்வே முடிஞ்ச மாதிரி. நாளைக்குக் கோர்ட்டுல அந்தக் கம்பியத்தான் காட்டுவான்."

"வரப்புக்கு அடையாளம்னு சொன்னான்."

"அவன் அப்படித்தான் சொல்லுவான். உன் வரப்பு மேல அவனுக்கு இன்னா அவ்ளோ அக்கற? உனுக்கே தோணலயா?"

அவளுக்குத் தோன்றித்தான் இருந்தது. போன வருஷம் அவன் மண் அணைத்துக்கொண்டு நின்ற நாளிலிருந்தே தோன்றிக்கொண்டிருந்தது. தன் வயிற்றில் இருந்த கேள்வியை இன்னொருத்தன் வாயில் கேட்டதும் அதற்கு ஒரு பலம் வந்துவிட்டது. நாகப்பன் எத்தனை கெட்டவனானாலும் இதில் புத்திசாலி என்று நினைத்தாள். அவன் எதற்காக இவ்வளவு தூரம் வந்து தன்னிடம் சொல்கிறான் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ஊரில் யார் மேல் வேண்டுமானாலும் சந்தேகப்படத் தெரிந்தவளுக்கு, தன் சந்தேகத்தின் மேல் சந்தேகப்படத் தெரியவில்லை.

அடுத்த நாள், முடிக்காரன் போன் பண்ண ஸ்ரீபெரும்புதூருக்குப் போன நேரம் பார்த்து, மண்வெட்டியோடு போனாள். ஒவ்வொரு கம்பியாகத் தோண்டி, ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். எட்டுக் கம்பி வந்தது. வாய்க்காலை ஒட்டி இருந்த ஒன்று மட்டும் எத்தனை ஆட்டியும் அசையவில்லை. "உன் கையி வெளங்காமப் போவ, எவ்ளோ ஆழத்துல எறக்கிக்கிறான்" என்று திட்டிவிட்டு, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து மூடினாள். எட்டையும் கிணற்றில் போட்டாள். ஒவ்வொன்றும் தண்ணீரில் விழுகிற சத்தத்தை நின்று கேட்டாள்.

பிறகு நேராகப் போலீஸ் கொட்டாய்க்குப் போனாள். மெட்ராஸிலிருந்து ஒருத்தன் வருகிறான், நிலத்தை அளக்கிறான், நோட்டில் ஏதோ படம் போடுகிறான், பூமிக்குள் இரும்பைப் புதைக்கிறான் என்று சொன்னாள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஏட்டு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அன்று மூன்று மணிக்கு, பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே இளம்பரிதியைப் பிடித்தார்கள். நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் புல்டோசர் வந்தது. அரை நாள்கூட ஆகவில்லை, இரண்டு நிலமும் ஒரே களமாகிவிட்டது. ஓரத்தில் இருந்த பனையையும் சிமெண்டு வாய்க்காலையும் மட்டும் விட்டுவைத்தார்கள். கோவிந்தம்மா கிணற்றுக் கரையில் நின்று, வரப்பு போகிறதைப் பார்த்தாள். எதையோ தடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில்தான் நின்றாள்.

கச்சேரி அன்றைக்குத் தகர வேலிக்கு வெளியே நின்றாள். டிக்கெட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றான் வாசலில் நின்றவன். இது என் நிலம் என்றாள். அவன் சிரித்தான். உள்ளே கம்பெனிப் பேர் எழுதின பலூன் ஒன்று பனையைவிட உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒருத்தன் மைக்கில் வந்து கம்பெனிப் பேரைச் சொன்னான், மேடைக்குத் துணி கொடுத்தவன் பேர், தண்ணீர் கொடுத்தவன் பேர். அம்மன் கோயில் திருவிழாவில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவன் பேரைப் படிப்பார்களே, அதேதான். பாடுகிறவர்கள் எங்கோ தூரத்தில் விரல் அளவுக்குத் தெரிந்தார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளிர்பானத்துக்கு வரிசையில் நின்றார்கள். முதல் வருஷம் நெஞ்சு லேசானதே, அதற்காக அவள் சும்மா காத்துப் பார்த்தாள். வரவில்லை. தகரம்தான் அதிர்ந்தது.

வேலி ஓரமாக ஒரு பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தாள். அமலா.

"அக்கா, பரிதிய எங்கயாவது பாத்தீங்களா? நாலு நாளாக் காணோம். வீட்டுக்கும் வரல. ஆபீசர்கிட்ட கேட்டா, வேற ஆளப் போட்டாச்சு, வேலதான் நடக்குதே, அப்புறம் என்னன்றார். இத ஆரம்பிச்சதே அவன்தான்க்கா. இங்க ஒருத்தரும் அவனத் தேடல."

"எனுக்குத் தெரியாது" என்றாள் கோவிந்தம்மா. அந்தப் பெண் கழுவிக் கொடுத்த சொம்பு எதற்கோ ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். நிலம் முழுக்கக் காகிதக் கோப்பை கிடந்தது. கூட்டிப் பெருக்க ஒருத்தரும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் போனபோது, நாகப்பன் இரண்டு ஆளை வைத்துக்கொண்டு வரப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பனையடியில் சரியாகத்தான் தொடங்கியிருந்தான். போகப் போக மேற்கே சாய்த்து, வாய்க்கால் பக்கம் வரும்போது அவள் நிலத்துக்குள் பன்னிரண்டு தப்படி வந்துவிட்டிருந்தான்.

"நாகப்பா, இன்னாடா இது!"

"வரப்புதான் அண்ணி. இருந்த எடத்துலதான் கட்டுறேன்."

"இங்கயா இருந்துச்சி? மனசாட்சி வேணாம்?"

"பின்ன எங்க இருந்துச்சி? காட்டு." மண்வெட்டிக் காம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான். "அடையாளம் எதுனா இருந்தாக் காட்டு, நானே எடுத்துடறேன்."

அவன் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. கம்பியைப் பிடுங்கியது அவள். நோட்டைப் பிடித்துக் கொடுத்தது அவள். அவன் செய்ததெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தது மட்டும்தான். அவளிடம் போய் நம்பு என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள். நம்பாதே என்று சொன்னதைக் கேள்வியே கேட்காமல் நம்பினாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

வெட்டவெளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மோட்டார் கொட்டாய் இருந்தது. வாய்க்கால் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றவள், சட்டென்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினாள்.

தசரதன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"தசரதா, மொத வருஷம் இழுத்தியே அந்த மைக் வயரு, அது கீதா?"

"கீது. பரண் மேல கீது. ஏன்க்கா?"

"கத்தி வெச்சியா அதுல?"

"இன்னாக்கா இப்படிக் கேட்டுட்ட!" என்றான் தசரதன். அவனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

அவர்கள் போய்ச் சேருவதற்குள் விஷயம் தெரிந்து பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தசரதன் மோட்டார் கொட்டாயில், அன்றைக்கு ஆம்ப்ளிபயர் வைத்த அதே கல் மேடையில் வயரின் ஒரு முனையைக் கட்டினான். வாய்க்காலை ஒட்டியே கிழக்கே இழுத்துக்கொண்டு நடந்தான். வயர் நாகப்பனின் புது வரப்பைத் தாண்டியது. அதற்கும் அப்பால் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது தப்படியில் விறைத்துக்கொண்டு நின்றது.

"வயரக் காட்டி நெலம் வாங்கப் பாக்குறியா?" என்று நாகப்பன் சிரித்தான். "எங்க வேணா நிக்க வெக்கலாம் அத."

"ஒரு காலு என் நெலத்துல, ஒரு காலு உன் நெலத்துலன்னு சொன்னது யாருடா?" என்றாள் அவள். "இதோ நிக்கிறாங்களே, இவங்க எல்லாரும் சிரிச்சாங்களே. வயரு எட்டலன்னுதான அந்தப் புள்ள வரப்பு மேல நின்னு பாடுச்சி?"

கூட்டத்தில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். நாகப்பன் வாயைத் திறப்பதற்குள் அவள் வயரின் முனை நின்ற இடத்தில் மண்வெட்டியைப் போட்டாள். இரண்டாவது வெட்டில் ஒன்றும் இல்லை. நான்காவது வெட்டில் இரும்பில் இரும்பு பட்டு ணங்கென்றது. குனிந்து கையால் மண்ணை விலக்கினாள். அசையாமல் அடம் பிடித்த அந்த ஒன்பதாவது கம்பி நின்ற இடத்திலேயே நின்றது.

"எவனோ நட்ட கம்பி" என்றான் நாகப்பன், குரல் இறங்கி.

"எவனோ இல்ல. இளம்பரிதி நட்டது. ஒம்போது நட்டான். எட்ட நான் புடுங்கிக் கெணத்துல போட்டேன். நீ சொல்லித்தான் புடுங்கினேன். தண்ணி எறச்சிப் பாக்கலாமா, எட்டும் உள்ள கீதான்னு?"

அத்தனை பேர் எதிரில் தன் முட்டாள்தனத்தைத் தானே கூவினாள். நாகப்பன் யாரையும் பார்க்காமல், ஆட்களிடம் ஏதோ முனகினான். அவர்கள் போட்ட வரப்பைக் கலைத்து, பனையிலிருந்து கம்பிக்கு நேராக மறுபடியும் மண் அணைக்கத் தொடங்கினார்கள். நிலம் திரும்பிவிட்டது. அவளுக்கு அழுகைதான் வந்தது. தசரதன் வயரைச் சுருட்டிக்கொண்டே, "அந்தத் தம்பி இப்ப எங்கக்கா?" என்று கேட்டான்.

அவள் அப்படியே மண் கையோடு போலீஸ் கொட்டாய்க்கு நடந்தாள். ஏட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பையனை ஐந்து நாள் வைத்து விசாரித்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், முடியை வெட்டி மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம் என்றார். இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்களாம்.

"அந்த நோட்டு, சார்?"

"நோட்டு இன்னா?"

"அதக் குடுத்தீங்கன்னா அவன்கிட்ட சேத்துடுவேன். தப்பு என்னுது. நான் சொன்னதெல்லாம் தப்பு."

ஏட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பக்கத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பனை இருந்தது, வாய்க்கால் இருந்தது, கிணறு இருந்தது. நடுவில் வளைந்து வளைந்து அவள் வரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பதினோரு வருஷம் காவல் காத்த வரப்பை இவ்வளவு கவனமாக அவளே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"அடியில இன்னா சார் எழுதிக்கிறான்?"

ஏட்டு விரலை வைத்துப் படித்தார். "கோவிந்தம்மா அக்காவுடையது. முடிந்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்." நிமிர்ந்தார். "கோவிந்தம்மான்றது நீதான? இன்னாத்தத் திருப்பிக் குடுக்கணும்? அவன்கிட்ட நீ இன்னா குடுத்து வெச்சிருந்த?"

அவள் படத்திலிருந்த வரப்பின் மேல் மண் விரலை வைத்தாள்.

"அன்னிக்கு நீயே வந்து புடிச்சிக் குடுத்த. இன்னிக்கு நீயே வந்து நோட்டக் கேக்குற." ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். "உள்ள வா. ஒக்காரு. உண்மையச் சொல்லு, உன் பின்னாடி யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல, சார்" என்றாள் கோவிந்தம்மா. சொன்ன பிறகுதான், இதே பதிலை அவன் சொன்னபோது தான் அவனை எப்படிப் பார்த்தோம் என்பது அவளுக்கு ஏட்டின் முகத்தில் தெரிந்தது.